ஏரி எத்தனை நாளைக்கு வரும்?

மழை வருமா வராதா என்று சொல்கிறவரைத் திட்ட நாடு முழுக்க ஆள் உண்டு. வந்த மழை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்கிற என்னைத் திட்ட வில்லியனூர், பாகூர் என்று இரண்டே கொம்யூன் பஞ்சாயத்துதான், ஆனால் அந்தக் குறை தெரியாமல் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

வேலை இதுதான். புதன்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஏரி மதகுகளில் நட்டிருக்கும் அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். குறிப்பிட்ட சில கிணறுகளில் டேப்பை இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்று எழுதிக்கொள்வேன். வியாழக்கிழமை முழுக்க அதை மழைக் கணக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை ‘நீர் நிலவரம்’ என்ற பெயரில் ஒரு தாள் வெளியாகும். எந்த ஊரில் தண்ணீர் குறையும், எந்த ஊரில் மிஞ்சும் என்பது அதில் இருக்கும். கொம்யூன் பஞ்சாயத்து போர்டில் ஒட்டுவார்கள், விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அடியில் என் கையெழுத்து.

உங்கள் வீட்டில் யாராவது பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, “பொங்காம பாத்துக்க” என்று உங்களை நிற்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா? அப்படியென்றால் என் கஷ்டத்தை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். பொங்காத வரைக்கும் நீங்கள் அங்கே நின்றது யாருக்கும் தெரியாது. பொங்கிவிட்டால் பாலைவிட உங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எந்தத் தண்ணீர்?

வேலையில் சேர்ந்த புதிது. ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்ததால் பாகூருக்கு பஸ்ஸில் போனேன். கையில் டேப்பும் தடிமனான நோட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட்டின் ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் எந்த ஆபீஸ் என்று விசாரித்தார். விவரமாகச் சொன்னால் எதற்கு வம்பு என்று, “தண்ணி ஆபீசுங்க. எப்ப தட்டுப்பாடு வரும்னு முன்னாடியே சொல்லிடுவோம்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, “எத்தினி நாளிக்கி மேடம்? எலக்சனுக்கா?” என்று கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் நான் தெருவுக்குத் தெரு சாராயக்கடை இருக்கிற ஊரின் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ‘தண்ணி’ என்று சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. அவசரமாக ஏரி, கிணறு, நிலத்தடி நீர் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

“அட, குடிக்கிற தண்ணியா! ஒரு நிமிசம் பயந்தே பூட்டேன் மேடம்.”

மூன்றே வார்த்தை

நான் நிரப்ப வேண்டிய படிவம் மேலிருந்து கம்ப்யூட்டரில் வருகிறது. ஊர் பெயருக்கு நேராக ஒரு கட்டம். கட்டத்தைத் தட்டினால் மூன்று வார்த்தை விரியும்: பற்றாக்குறை, இயல்பு, உபரி. அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலாவது வார்த்தைக்கு இடம் கிடையாது. ஓர் ஊரின் மூன்று மாதத்து வாழ்க்கையை அந்த ஒற்றை வார்த்தைக்குள் அடக்கிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடலாம்.

தனசேகரன் என்ற விவசாயி மட்டும் என்னை அப்படிப் போக விடமாட்டார். பாகூர் ஏரிப் பாசனத்தில் கடைமடையில் அவருக்கு ஒன்றரைக் காணி கழனி. வாய்க்கால் தண்ணீர் எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக அவரிடம் வரும். போர் போட்டிருக்கிறார், ஆனால் அதில் உப்பு ஏறிவிட்டது. ஆகவே ஏரித் தண்ணீரை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை. புதன்கிழமை நான் மதகடியில் அளவுகோலைப் பார்க்கப் போகும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கே இருப்பார். ஒருநாள் “இந்த வாட்டி இன்னா மேடம்?” என்றார். “இயல்பு” என்றேன். “இயல்புன்னா?” என்றார். “வழக்கம் போலன்னு அர்த்தம்” என்றேன். “வழக்கமா எங்களுக்குப் பத்தாதுங்களே” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மார்கழி, தையில் நடுகிற நவரைப் பட்டத்தில் குறுகிய கால நெல் போட்டால் நூற்றைந்து நாளைக்குத் தண்ணீர் வேண்டும், நூறு நாளில் நின்றுபோனாலும் கடைமடைக்காரன் கையில் வைக்கோல்தான் மிஞ்சும், அந்த பயத்தில் பல வருடமாக அவர் நவரைக்குக் கழனியைச் சும்மாதான் போட்டுவைத்திருக்கிறார் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“பொண்ணு பாக்க வந்தவங்க ‘இயல்பு’ன்னு சொல்லிட்டுப் போனா பொண்ணு வூட்டுக்காரன் இன்னா புரிஞ்சிக்குவான்? ஏரி எத்தினி நாளிக்கி வரும், அந்த ஒரு நம்பர சொல்லுங்க மேடம்.”

மாமாவின் சரக்கு

என் கணவர் வீட்டார் வில்லியனூர் கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள். கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடையில் கயிறு, தார்பாய், பிளாஸ்டிக் டிரம், மோட்டார், ஹோஸ் பைப் எல்லாம் கிடைக்கும். வீட்டுக்குத் தண்ணீர் கணக்குப் போடுகிற மருமகள் வந்திருக்கிறாள் என்றதும் அவருக்குத் தனி சந்தோஷம். முதல் வருடம் நான் வில்லியனூர் பக்கம் பற்றாக்குறை என்று எழுதியதைக் கேட்டுவிட்டு, தார்பாய்க்கு வைத்திருந்த பணத்தில் ஒரு லோடு டிரம் இறக்கினார். மறுவாரம் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஜனங்கள் தார்பாய் கேட்டு வந்து, வாசல் வரைக்கும் அடுக்கியிருந்த டிரம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் சொன்னது மூன்று மாதத்துக்கு, அவர் எடுத்துக்கொண்டது மூன்று நாளைக்கு. அதைப் புரியவைக்க எவ்வளவோ முயன்றேன். அவர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார், கோபப்படவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் குழம்பை ஊற்றிக்கொள்ளும்போது, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்பார்.

“இன்னாமா, இந்த வாரம் இன்னா எழுதியிருக்க? நீ கொறையும்னா தார்பாய் எடுக்கறேன், மிஞ்சும்னா டிரம் எடுக்கறேன். ஒன் புண்ணியத்துல ஏவாரம் நல்லா போவுது.”

போர்டைக் கழற்றுங்கள்

பாகூர் கொம்யூனில் கடல் பக்கமாக இருக்கும் ஓர் ஊருக்கு, இன்னும் ஆறு வாரத்தில் தண்ணீர் குறையலாம் என்று கணக்கு வந்தது. ஆறு வாரம் இருக்கிறதே, ஜனங்கள் சிக்கனமாக இருந்து சமாளித்துவிடுவார்கள் என்ற நல்லெண்ணத்தோடு பற்றாக்குறை என்று தட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை தாள் போர்டில் ஏறியது. சனிக்கிழமை காலையிலிருந்து ஊரில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஓடியது. தொட்டி, டிரம், அண்டா, தேக்சா, கல்யாணத்துக்கு வாங்கி வைத்த குத்துப்போணி என்று பாக்கி வைக்காமல் நிரப்பினார்கள். தட்டுப்பாடு வரப்போகிறது என்று தெரிந்தும் பக்கத்து வீட்டுக்காரன் முந்திக்கொள்ளட்டும் என்று யார் சும்மா இருப்பார்கள்? நானே அந்த ஊரில் இருந்திருந்தால் இரண்டு குடம் கூடுதலாகத்தான் பிடித்து வைத்திருப்பேன்.

புதன்கிழமை கிணற்றில் டேப்பை விட்டேன். ஆறு வாரத்தில் இறங்க வேண்டிய தண்ணீர் அஞ்சே நாளில் இறங்கியிருந்தது. நல்ல தண்ணீர் விலகின இடத்தில் கடல் உப்பு உள்ளே வந்துவிட்டது. ஆபீசில் என் கணிப்பு மிகச் சரியாகப் பலித்ததாகச் சொல்லி எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் சொன்னது பலித்தது என்று சொல்வதா, நான் சொன்னதால் நடந்தது என்று சொல்வதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது அந்த ஊரின் டீக்கடை அம்மாள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். வாயில் வைத்ததும் லேசாகக் கரித்தது. நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நீங்க போர்டு மாட்டன பெறகுதான் தண்ணி பூடிச்சி மேடம். அத கழட்டிட்டு ‘இயல்பு’ன்னு ஒண்ண மாட்டிட்டுப் போங்க, தன்னால வந்துடும்.”

வேடிக்கை

அடைமழைக் காலத்தில் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். சங்கராபரணி கரை புரண்டு வந்துகொண்டிருந்தது. அந்த ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் அன்று நான்தான் தாள் போட்டேன். கட்டத்தைத் தட்டினேன், மூன்று வார்த்தை விரிந்தது. வெள்ளம், அபாயம், விலகி இருங்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. இருப்பதில் கிட்டத்தில் வருவது ‘உபரி’தான். அதைப் போட்டேன்.

மறுநாள் செல்லிப்பட்டுப் பக்கம் அளவெடுக்கப் போனால் ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம். சுண்டல் விற்கிறார்கள். பஞ்சு மிட்டாய் வந்திருக்கிறது. இன்னும் ஒரு முழம் உயர்ந்தால் தண்ணீர் ரோட்டில் ஏறிவிடும், அந்த ஓரத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். நல்லவேளையாகப் போலீஸ்காரர் இரண்டு பேர் லத்தியோடு வந்து எல்லாரையும் மேட்டுக்கு விரட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தோளில் பெண் குழந்தையை உட்கார வைத்திருந்த ஓர் இளம் தகப்பனைப் பிடித்து, “ஏம்பா, அறிவிருக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“போர்டுல உபரின்னு போட்ருந்திச்சே மேடம். ஒபரியா வர்ற தண்ணிய புள்ள எப்ப பாக்கப் போவுதுன்னு இட்டுகினு வந்தேன்.”

கோடி போன வருடம்

இனி சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வராது.

ஒரு வருடம் பெண்ணையாற்றில் நல்ல தண்ணீர். அதிலிருந்து வருகிற பங்காரு வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடி, பாகூர் ஏரி நிரம்பிவிட்டது. நிரம்பிய ஏரி கலங்கல் வழியாக வழிவதை இங்கே ‘கோடி போவுது’ என்பார்கள். கோடி போனால் பெண்கள் மஞ்சள், குங்குமம், பூவோடு வந்துவிடுவார்கள். கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, வழிகிற தண்ணீரில் பூவை விடுவார்கள். அன்று நானும் இருந்தேன். யாரோ என் கையிலும் ஒரு பிடி சாமந்தியைத் திணித்தார்கள். அளவுகோலில் மேல்கோடு வரைக்கும் தண்ணீர். ஆபீசில் ஒரு பழைய அட்டவணை இருக்கிறது, அளவுகோலில் இத்தனை அடி நின்றால் ஏரியில் இவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். நூற்றிருபது நாள் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷமாக ‘உபரி’ என்று தட்டினேன்.

தனசேகரன் மதகடியில் நின்றிருந்தார். அவர் இத்தனை நாளாகக் கேட்ட நம்பர் இன்றைக்கு என் கையில் இருக்கிறதே என்ற பெருமையில், “நூத்தி இருபது நாள் வரும். தைரியமா நடுங்க” என்றேன். படிவத்தில் எழுதவில்லை, வாயால் சொன்னேன். அவர் அதைப் படிவத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார். பல வருடம் கழித்து நவரைக்கு ஒன்றரைக் காணியும் நட்டார்.

மாசி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. பங்குனியில் அளவுகோலில் தண்ணீர் நான் போட்ட கணக்கைவிட வேகமாக இறங்க ஆரம்பித்தது. படித்தது தப்போ என்று மூன்று தடவை குனிந்து பார்த்தேன். வெயில் அதிகமோ என்று பார்த்தேன், இல்லை. மதகில் எங்கேயாவது கசிகிறதோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. மதகைத் திறந்த தொண்ணூற்று நாலாம் நாள் அது வறண்டுவிட்டது. தலைமடையில் முன்னால் நட்டவர்கள் எப்படியோ தப்பித்தார்கள். தண்ணீர் கடைசியாகக் கிடைத்துக் கடைசியாக நட்டவர் தனசேகரன். அவர் பயிர் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் பதினொரு நாள் தண்ணீர் கிடைத்திருந்தால் போதும்.

அறுப்பு சமயத்தில் போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்து ஊதினார். பாதிக்கு மேல் பதராகப் பறந்தது. “என்னாலதாங்க” என்றேன். வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வைகிற மனிதர் இல்லை. ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

“ஸ்கேலு பொய் சொல்லல மேடம், தட்டு நெறஞ்சிதான் இருந்திச்சி. முக்கா தட்டுக்கு சோறு குந்திகினு இருந்தா கொழம்பு எங்க போயி நிக்கும்? ஏரி பூரா சேறு.”

மூங்கில் கழி

அட்டவணை போட்ட காலத்து ஏரி வேறு, இப்போது இருக்கிற ஏரி வேறு. வருடா வருடம் வெள்ளம் கொண்டுவந்து தள்ளிய வண்டல் அடியில் உட்கார்ந்துவிட்டது. அளவுகோல் தண்ணீரின் மேல்மட்டத்தைத்தான் சொல்லும், அடிமட்டம் ஏறிவருவதை அது எப்படிச் சொல்லும்? இது பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மதகடியில் நிற்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசி மழையில் ஏரியில் மறுபடி தண்ணீர் ஏறியதும் அடியை அளப்பது என்று முடிவு செய்தேன். மீன் குத்தகை எடுத்திருந்த ராஜவேலு தன் தெர்மாகோல் மிதவையைக் கொண்டுவந்தார். முப்பது வயது இருக்கும். தனசேகரன் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் அடிக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்ட மூங்கில் கழியோடு மிதவையில் உட்கார்ந்து, நீச்சல் தெரியாது என்பதை யாரிடமும் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தேன். அட்டவணைப்படி ஒன்பது அடி இருக்க வேண்டிய இடத்தில் ஆறடியிலேயே கழி சேற்றில் குத்தியது.

பத்துப் பதினைந்து இடம் அளந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் கழியை இறக்குவதற்கு முன்பே ராஜவேலு, “இங்க ஆறு”, “இங்க அஞ்சரை”, “இங்க பள்ளம், எட்டு வரும்” என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தெரியும் என்றேன். தினம் வலை போய்ச் சேற்றில் மாட்டுகிறதே, தெரியாமல் இருக்குமா என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “இத்தனை வருஷமா இதை ஏம்பா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டேன்.

“ஆபீஸ்லேருந்து வர்றவங்க மீனு எவ்ளோன்னுதான் கேப்பாங்க. ஏரி எவ்ளோன்னு இன்னிக்கிதான் மேடம் ஒருத்தர் கேக்கறீங்க.”

எண்பத்து மூன்று

அந்த வருடம் மழை சுமார்தான். கழி வைத்து அளந்த கணக்கில் புது அட்டவணை போட்டுப் பார்த்தேன். எல்லாரும் நவரை நட்டால் எண்பத்து மூன்று நாளைக்குத்தான் ஏரி வரும். படிவத்தில் ‘பற்றாக்குறை’ என்று தட்டினேன். அத்தோடு விட மனம் வரவில்லை. அச்சடித்து வந்த தாளில் கையெழுத்துக்கு மேலே பேனாவால் எழுதினேன்: ‘எல்லாரும் நட்டால் 83 நாள். வேண்டியது 105.’ படிவத்தில் கையால் எழுதக் கூடாது என்று ஆபீசர் கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு, பாகூர் போர்டில் ஒட்டுகிற தாளில் மறுபடி எழுதினேன்.

ஏரிக்கரையில் பாசனக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். போன வருடம் இதே அம்மாதானே உபரி என்று சொன்னார் என்று ஒருவர் என்னைக் கை காட்டினார். தனசேகரன் எழுந்து, போன வருடம் ஸ்கேலைப் பார்த்துச் சொன்னார்கள், இந்த வருடம் சேற்றில் இறங்கிப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் சத்தம் போட்ட பிறகு முடிவுக்கு வந்தார்கள். பாதிப் பேர் நடுவது, பாதிப் பேர் தரிசு போடுவது, அடுத்த வருடம் தரிசு போட்டவர்களுக்கு முதல் தண்ணீர். யார் எந்தப் பக்கம் என்பதற்கு ‘நடவு’, ‘தரிசு’ என்று சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள்.

தனசேகரனுக்கு ‘தரிசு’ வந்தது. போன வருடம் என் பேச்சைக் கேட்டு நட்டுவிட்டு இழந்தார். இந்த வருடம் என் பேச்சைக் கேட்டு நடாமல் இழக்கிறார். எனக்காகப் பேசிய ஒரே மனிதருக்குத்தான் இது வந்து வாய்க்க வேண்டுமா? அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு ஈரம் காய்வதற்குள் கழனியில் உளுந்து தெளித்தார் என்று கேள்விப்பட்டேன்.

நூற்றைந்து நாளும் நல்லபடியாக முடிந்தது. நட்டவர்கள் கழனியில் கடைமடை வரைக்கும் ஒரு கதிர்கூட வாடவில்லை. அறுப்பு மெஷின் இறங்கியபோது ஏரியில் இன்னும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, கொக்கு மேய்ந்துகொண்டிருந்தது. உடனே பேச்சு கிளம்பிவிட்டது. “தண்ணி நிக்கிது பாரு, இந்தம்மா பேச்ச கேட்டு கழனிய காயப் போட்டமே” என்று தரிசு போட்டவர்கள் என் காதுபடவே சொன்னார்கள். அந்த வாரமே ஆபீசிலிருந்து எனக்கு மெமோ வந்தது. பற்றாக்குறை என்று நான் அறிவித்த ஏரியில் பயிர்க்காலம் முடிந்தும் தண்ணீர் இருப்பு இருக்கிறது, கணிப்பு தவறியதற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முன்பு உப்பு ஏறிய ஊருக்காக எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதே ஆபீசர்தான் இதிலும் போட்டிருந்தார்.

புதன்கிழமை மெமோவைப் பையில் வைத்துக்கொண்டே மதகடிக்குப் போனேன். தனசேகரன் அங்கே இருந்தார். உளுந்து சுமாராகத்தான் வந்தது என்றார். நெல் எடுத்திருந்தால் போன வருட நஷ்டக் குழியைத் தூர்த்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். “உங்களுக்கு ரெண்டு வருஷம் என்னால போச்சு” என்று சொல்லி, மெமோவை எடுத்துப் படித்துக் காட்டினேன். அவர் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு முழங்கால் தண்ணீர் நிற்கும் ஏரியைப் பார்த்தார். எனக்குப் பழக்கமான இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இன்னா மேடம் இது! நீங்க சொன்னது பொய்யாப் போவணும்னுதான நாங்க பாதி கழனிய காயப் போட்டோம்? அதயே எழுதி அனுப்புங்க.”

அதையே எழுதி அனுப்பினேன். கணிப்பு பலித்தால் பாராட்டும் பொய்த்தால் மெமோவும் கொடுக்கிற ஓர் ஆபீசில், இந்த வெள்ளிக்கிழமைத் தாளுக்கும் மெமோ வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டே கையெழுத்துப் போடுகிற சம்பளக்காரி அநேகமாக நான் ஒருத்திதான்.